உன் மகள் கொள்ளிடத்தில் கவிழ்ந்து எழுந்தாள்

என் செல்வி அக்காவுக்கு,

உன்னை மண்ணில் வைத்து எட்டு மாதம் ஆகிறது. கிரீன்லாந்தில், கடலைப் பார்த்த ஒரு பாறைச் சரிவில், பனியைத் தோண்டி உன்னை இறக்கியதை நான் செல்போனில்தான் பார்த்தேன். தலைமாட்டில் வெள்ளைச் சிலுவை நட்டார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணுக்குச் சிலுவையாங்க?" என்று என் மனைவி வசந்தி கேட்டாள். அந்த ஊரில் எல்லாருக்கும் அதுதான் என்றேன். வேறு என்ன சொல்ல எனக்குத் தெரியும்?

இந்தக் கடிதத்தில் உன் மகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நாற்பது வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நடந்தது நடந்தபடியே சொல்லிக்கொண்டு வருகிறேன், அந்த இடம் வரும்போது நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

ஆனி மாதம் நிவி தனியாக வந்து திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கினாள். இருபது வயது. உன் உயரம், உன் நெற்றி. கண்ணும் கன்னமும் உன் கிரீன்லாந்துப் புருஷன் மாலிக்குடையது. நிவி என்றால் நிவேதிதா என்றுதான் அப்பா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "இல்ல தாத்தா, அது எங்க ஊர்ப் பேரு. சின்னப் பொண்ணுன்னு அர்த்தம்" என்று அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனால் அவள் பேசிய தமிழ் அக்கா! நீ இங்கிருந்து போனபோது எப்படிப் பேசினாயோ அப்படியே. இப்போது இங்கே யாரும் "ரொம்ப உபகாரமுங்க" என்று சொல்வதில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

"தாத்தா, அம்மா கடைசியா ஆஸ்பத்திரில இருக்கையில ஒண்ணு கேட்டாங்க. தண்ணிக்கு அடியில தலைகீழாப் போயிட்டு உயிரோட திரும்பி வர முடியும்னு அப்பாவுக்கு ஒரு தடவை காட்டணும், என்னால முடியல, நீ போய்க் காட்டுன்னாங்க. நான் கயாக்னு எங்க ஊர்ப் படகு ஒண்ணு கட்டப்போறேன். கொள்ளிடத்துல காட்டப்போறேன். நீங்க வந்து பாக்கணும்."

நம் குமாரைக் கொண்டுபோன பிறகு கொள்ளிடம் என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னாள்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்தப் படகு இந்த வாசப்படி ஏறக்கூடாது. நானும் அதைப் பாக்க வரமாட்டேன். உன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினதுதான் உனக்கும். தண்ணிப் பக்கம் போறவங்க எனக்கு வேண்டாம்."

அவள் அழவில்லை. மறுநாள் என்னிடம் வந்தாள். "மாமா, மரத்தை வளைக்க நீராவி வேணும். எங்க கிடைக்கும்?"

நீராவிக்கா பஞ்சம்? என் பிழைப்பே அதுதானே. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற பாய்லர்களுக்கு நான்தான் ஃபிட்டர். ஓர் ஆலை முதலாளியிடம் கேட்டு, பின்பக்கக் கொட்டகையில் இடம் வாங்கிக் கொடுத்தேன். நீளமான இரும்புக் குழாய் ஒன்றின் ஒரு முனையை அடைத்து வெல்டிங் வைத்து, பாய்லரிலிருந்து நீராவி இழுத்தேன். மூங்கில் பத்தைகளை அதற்குள் கால் மணி நேரம் வேகவைத்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் முழங்காலில் வைத்து வளைப்பாள். கை கொப்புளித்துவிட்டது. நிறுத்தவில்லை.

ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. எல்லாம் கயிற்றுக் கட்டு. டேப்பும் கிடையாது, அவள் உடம்புதான் அளவு. இரண்டு கையையும் விரித்து மூன்று தடவை படகின் நீளம். இடுப்பு அகலத்தோடு இரண்டு முஷ்டி சேர்த்து உட்காரும் இடம். கடைசியில் கித்தான் துணியை மேலே இழுத்துத் தைத்துப் பெயிண்ட் அடித்தாள். உன் ஊரில் முன்பெல்லாம் சீல் என்கிற கடல்நாயின் தோலைப் போர்த்துவார்களாமே? அதைத் தைப்பது பெண்கள் வேலை என்றும், ஊசி ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வெளியே வராமல் தைக்க வேண்டும், ஒரு தையல் விட்டாலும் கடலில் போன ஆள் திரும்ப மாட்டான் என்றும் சொன்னாள். "அம்மா தையல் நல்லா இருக்கும்னு ஊர்ல பேரு மாமா. இந்தச் சட்டை அவங்க தைச்சதுதான்" என்று ஒரு கறுப்புச் சட்டையைக் காட்டினாள். தலைமூடி வைத்தது. போட்டால் முகமும் உள்ளங்கையும் மட்டும்தான் வெளியே தெரியும். அதன் அடிவிளிம்பைப் படகின் வாயில் சுற்றி இறுக்கிவிட்டால் கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறாது. திருச்சியில் தையல் கிளாஸுக்குப் போய் ரவிக்கைக்குக் கை வைக்க வரவில்லை என்று அழுத நீயா தைத்தாய்?

ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"ஏம்மா, எஸ்கிமோ ஊர்ல மோட்டார் போட் கிடையாதா? இது எதுக்கு?"

"எஸ்கிமோன்னு சொல்லாதீங்க தாத்தா. அது அடுத்தவங்க எங்களுக்கு வச்ச பேரு. நாங்க இனுயிட்." கயிற்றை இழுத்துக்கொண்டே பேசினாள். "மோட்டார் போட் எல்லா வீட்லயும் இருக்கு. எங்க அப்பாவோட தாத்தா காலத்துல கயாக் ஓட்டத் தெரியாட்டி வீட்ல சாப்பாடு இல்ல. அவர் கயாக்ல போய்த்தான் கடல்ல செத்தாரு. அப்புறம் மோட்டார் வந்துச்சு, மீன் ஃபேக்டரி வந்துச்சு. பெரிய ஸ்கூலுக்குப் போகணும்னா எங்களை ஆண்ட டென்மார்க்காரங்க பாஷைலதான் படிக்கணும். எங்க அப்பா பையனா இருந்தப்ப எங்க கிராமத்துல கயாக்ல உட்காரத் தெரிஞ்ச ஆளே இல்ல. மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. அவரும் சிநேகிதங்களும் அதைப் போய் அளந்து, முதல்லேர்ந்து கத்துக்கிட்டாங்க. நம்மளோடத நாமளே காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பாத்தோம்னு அப்பா சொல்லுவாரு."

பெரியவர் எச்சில் கையோடு அப்படியே நின்றார்.

"என்னை ஸ்கூல்ல இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா நீங்க எஸ்கிமோங்கிறீங்க. இதுல உட்கார்ந்தா மட்டும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. என் இடுப்புக்குச் செஞ்சது. வேற யாருக்கும் பொருந்தாது."

அன்றைக்குத்தான் உன் விஷயத்தையும் சொன்னாள். கரையில்கூட நிற்க மாட்டாயாம். கடலோர ஊரில் பத்து வருஷம், தண்ணீருக்கு முதுகைக் காட்டியே நடந்தாயாம். அங்கே முன்காலத்தில் வேட்டைக்குப் போனவர்களுக்கே நீந்தத் தெரியாது, அந்தக் குளிரில் நீந்திப் பயனும் இல்லை, அதனால்தான் படகோடு கவிழ்ந்து படகோடு நிமிர்கிற வித்தை உண்டானது என்று மாலிக் சொன்ன பிறகுதான் நீ முதல்முறை தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாயாம். துடுப்பு இருந்தால் ஒரு விதம், துடுப்பு போனால் ஒரு விதம், ஒரு கை கயிற்றில் சிக்கினால் ஒரு விதம். நாற்பது வயதில் நீ கற்றுக்கொண்டாய். நீ முதல்முறை கவிழ்ந்து எழுந்த வீடியோ அவள் போனில் இருக்கிறது. எழுந்ததும் நீ மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ சொல்கிறாய். காற்றுச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. குமார் பெயர் மாதிரி இருந்தது.

ஆடி பிறந்து மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். காவிரியில் கொள்ளாததை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பினார்கள். நம்பர் ஒன் டோல்கேட்டுக்குப் போகும் பாலத்தில் தினமும் பைக்கில் போகிறபோது பார்ப்பேன். மணல் மறைந்து, செம்மண் நிறத்தில் தண்ணீர். "இதுக்கு மேல ஏறுனா வேண்டாம். இப்பதான் சரி" என்றாள் நிவி.

அப்பாவை நான் ஏமாற்றித்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆலையில் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று பொய் சொல்லி, காலை ஆறரைக்கு ஆட்டோவில் ஏற்றினேன். பாலம் தாண்டியதும் ஆட்டோ இடது பக்கம் திரும்பிக் கரையோரம் போனது. படகைக் குட்டியானை வண்டியில் முன்னமே கொண்டுவந்து இறக்கியிருந்தோம். அவள் தண்ணீரில் தயாராக இருந்தாள். நல்ல வெக்கையில் நீ தைத்த சட்டையை மாட்டி, முகம் மட்டும் தெரிய.

அப்பா இறங்கியதும் புரிந்துகொண்டார். "வீட்டுக்கு விடு என்னை."

"ஒரு நிமிஷம்ப்பா. அக்கா கேட்டது."

"வீட்டுக்கு விடுடா!"

அதற்குள் அவள் கவிழ்ந்துவிட்டாள். படகின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. நான் மூன்று எண்ணுவதற்குள் மறுபக்கம் வழியாகச் சுழன்று நிமிர்ந்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாத்தா, நீங்க பாக்கல!" அவள் தண்ணீரிலிருந்து கத்தினாள். "மறுபடி செய்யறேன். பாருங்க!"

அப்பா நிமிர்ந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தபடி பக்கவாட்டில் சாய்ந்து உள்ளே போனாள்.

அதே சமயம்தான் மேலேயிருந்து ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று மிதந்து வந்தது. பெரிய திட்டு, ஒரு களத்து அகலம் இருக்கும். நேராகப் படகின் மேல் வந்து படிந்தது. துடுப்பின் ஒரு முனை செடிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு ஆடியது. ஒருமுறை வேகமாக ஆடியது. பிறகு அது தனியாகக் கழன்று, ஆளில்லாமல் மிதந்து போனது.

நான் எண்ணினேன் அக்கா. பத்து. பதினைந்து. படகு அசைந்தது, நிமிரவில்லை. இருபதுக்கு மேல் எண் மறந்துபோயிற்று. நான் செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரை போனேன். இடுப்பு வரை போனேன். காலுக்கடியில் மணல் நழுவியது. அதற்கு மேல் என் உடம்பு நகரவில்லை. எனக்கும் நீந்தத் தெரியாது. நம் வீட்டில் யார் கற்றுக்கொண்டோம்?

கரையிலிருந்து அப்பா அலறினார். "குமாரு! டேய் குமாரு!" என்று. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீதானேடா கூட்டிட்டு வந்த! பாத்துக்கிட்டு நிக்கிறியேடா!"

அதே வார்த்தை. அன்றைக்குப் பதினாலு வயது உன்னைப் பார்த்து, ஊர் கூடி நிற்க அவர் கேட்டாரே, "பாத்துக்கிட்டுதானேடி நின்ன?" என்று. அதே வார்த்தை.

செடித் திட்டு படகைத் தாண்டி நகர்ந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வெறும் கை ஒன்று மேலே வந்தது. கை தண்ணீரை ஓங்கி அறைந்தது. பின்பக்கம் மல்லாந்து படுத்தபடி அவள் உடம்பு வெளியே வழுக்கி வந்தது, கூடவே படகும் நிமிர்ந்தது. முகமெல்லாம் வேர். இருமினாள், காறித் துப்பினாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி, "துடுப்பு இல்லாம, தாத்தா!" என்றாள்.

அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீரிலிருந்து ஏறி அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்தில்தான் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

அன்று குமாருக்கு மட்டும் அப்பா புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கு இல்லை. நீ கரையில் எங்கள் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தாய், முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அவன் செருப்பைக் கழற்றி வைத்திருந்தான். அதில் ஒன்றை நான் எடுத்துத் தண்ணீரில் வீசினேன். வேண்டுமென்றேதான் வீசினேன். "எடுத்துட்டு வாடா பாப்போம்" என்றும் சொன்னேன். அவன் இறங்கினான். மூன்று அடி போனதும் மணல் பள்ளத்தில் காணாமல் போனான். அவனுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு.

"எப்படிடா இறங்குனான்?" என்று அப்பா கேட்டபோது, தெரியாது என்றேன். பிறகு அவர் உன் பக்கம் திரும்பினார். அன்றிலிருந்து நீ பாத்துக்கிட்டு நின்றவள். அதற்குப் பிறகு அவர் உன்னிடம் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. படிப்பு படிப்பு என்று நீ எட்டாத தூரத்துக்குப் போனதை எல்லாரும் உன் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். நீ எதிலிருந்து ஓடினாய் என்று எனக்குத் தெரியும். மாலிக்கைக் கல்யாணம் செய்ததால்தான் அப்பா உன்னைத் தள்ளிவைத்தார் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். அதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மா இருந்தவரை அம்மாவுக்குப் போன் செய்தாய். அம்மா போன பிறகு எனக்கு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "அப்பா சாப்ட்டாராடா?" என்பாய். எத்தனை ஞாயிறு! ஒன்றில்கூட எனக்கு வாய் திறக்கவில்லையே. ஆஸ்பத்திரியிலிருந்து நீ பேசிய கடைசி ஞாயிறுகூட, உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னேன்.

நான் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார். "அவகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"அப்ப எங்கிட்ட எதுக்குடா சொல்ற?"

திரும்பினால், நிவி படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நான் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு, மேட்டில் ஏறி வண்டிக்குப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் படகு நம் வாசப்படி ஏறியது. அப்பாதான் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டார். கூடத்தில் குறுக்கே போட இடம் இல்லாமல் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தார்கள். மூன்று வாரம் தாத்தாவும் பேத்தியும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தே பேசினார்கள். உனக்கு எத்தனை மணிக்கு வேலை, என்ன சமைப்பாய், ரசம் வைப்பாயா, அங்கே புளி கிடைக்குமா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வீடியோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "மறுபடி போடும்மா" என்றார். தினமும் காலையில் பேப்பருக்கு முன்னால் அதைப் பார்த்தார். நீ கடைசியில் சொல்கிற வார்த்தைக்குக் காதைப் போனிடம் கொண்டுபோவார்.

என்னோடு இரண்டு பேரும் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார்கள். நிவி என்னை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "கொஞ்சம் நகருங்க" என்பாள், அவ்வளவுதான். வசந்தி மட்டும் ஒருநாள் சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். "ஏழு வயசுப் பிள்ளை செருப்பை வீசுனது தப்பில்லைங்க. நாப்பது வருஷமாச் சொல்லாம இருந்ததுக்குத்தான் அவங்க கோவம்." அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால் அன்று சாப்பிட முடியவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று ஏர்போர்ட் வாசலில் நிவி என் எதிரில் வந்து நின்றாள்.

"அம்மா எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஒரு கதை சொல்லுவாங்க. நான் ஒரு நிமிஷம் திரும்பிப் பாத்திருந்தா என் தம்பி இருந்திருப்பான்னு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடிப்பாங்க. சாகறவரைக்கும்."

நான் தலையை ஆட்டினேன்.

"என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. அது என்னோடது இல்ல, கொடுக்கறதுக்கு. தாத்தாவோடதும் இல்ல. அம்மா இருக்கற இடத்துக்கு வாங்க. அங்க வந்து சொல்லுங்க. எங்க அப்பா இருப்பாரு, நான் இருப்பேன். எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க." பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள். "ஜூன்ல வாங்க மாமா. அப்பதான் பனி உருகி இருக்கும். சிலுவைல பேரு தெரியும்."

மாமா என்றாள். அது தவறி வந்ததா, தெரிந்துதான் சொன்னாளா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் அக்கா. நேற்று போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். எதற்கு அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பா சொன்னார், "அவன் அக்காவைப் பாக்கப் போறான்." இரண்டு மாதத்தில் என்னைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

ஜூனில் வருகிறேன். உன் தலைமாட்டில் நின்று, காற்று எவ்வளவு அடித்தாலும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, உன் பெயரைச் சொல்லி, குமார் பெயரைச் சொல்லி, என் பெயரையும் சொல்லுவேன். நீ பாத்துக்கிட்டு நிற்கவில்லை, நின்றவன் நான் என்று சொல்லுவேன். இது சத்தியம். அதற்கப்புறம் உன் மகள் என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம்.

உன்னைத் தனியே சுமக்கவிட்ட,
உன் கடைசித் தம்பி,
செந்தில்